போயிட்டு வாங்க

அன்று மாலை வீடு "டீ ஆறுது" என்று மட்டும் சொன்னது. "அனு" என்பதை விட்டுவிட்டது.

அனுராதா மடித்துக்கொண்டிருந்த சேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கூடத்துச் சுவரைப் பார்த்தாள். காலண்டருக்கு மேலே, சோப்பு டப்பா அளவிலான வெள்ளை ஸ்பீக்கர் ஒன்றுமறியாத முகத்தோடு இருந்தது. வெளியே லேக் கார்டன்ஸ் முழுக்க மழை. ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஒன்று நனைந்தபடி ஊளையிட்டுக் கடந்தது. எதிர் ஃப்ளாட்டில் கடுகெண்ணெயில் மீன் பொரியும் காரம் கதவிடுக்கு வழியாக நுழைந்து கண்ணைக் கரித்தது. கீழே தெருவில் முழங்கால் தண்ணீரில் ரிக்ஷா தள்ளுபவன் யாரையோ திட்டிக்கொண்டு போனான். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. அந்த ஒரு சொல்தான் இல்லை.

கிரிதர் இறந்து இரண்டு வருடமாகிறது. கெட்டில் அணைந்த சற்று நேரத்துக்கெல்லாம் அந்த ஸ்பீக்கர் அவன் குரலில் "டீ ஆறுது, அனு" என்று சொல்வதும், அவள் "எனக்கும் கண்ணு இருக்கு" என்று பதில் கொடுப்பதும் ஒருநாளும் தவறியதில்லை. அவன் உயிரோடு இருந்தபோதும் அவர்களுக்குள் பேச்சு ஏறக்குறைய இவ்வளவுதான். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சை மொத்த விலைக்கு வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ள வழியில்லை. அன்றன்றைக்குச் சில்லறையாகக் கிடைப்பதுதான்.

மதுரையில் பாத்திரக் கடைத் தெருவில் பிறந்து, கல்கத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டு, கரியாஹாட் கடைகளுக்குக் காஞ்சிபுரத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் சேலை வரவழைத்துக் கொடுப்பவள் அவள். அந்தக் குரலை அவன் பதிவு செய்ததே அவளுடைய சேலை அலமாரிக்குள் உட்கார்ந்துதான். பட்டு எதிரொலியை உறிஞ்சிவிடும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, வேர்த்து வழிந்து வெளியே வந்தான். "டாலிகஞ்ச் ஸ்டுடியோக்காரனுக்குக்கூட இப்படி ஒரு சவுண்ட் ரூம் கிடையாது, அனு." ஐந்தாறு சேலைகளில் வேர்வைக் கறை. அதற்காக அவள் ஒரு வாரம் பேசவில்லை. இப்போது அந்தக் கறைச் சேலைகளை மட்டும் அவள் விற்பதில்லை.

கெட்டிலை மறுபடி போட்டாள். அணைத்தாள். காத்திருந்தாள்.

"டீ ஆறு" என்றது வீடு. பிறகு, தகரத்தை நகத்தால் கீறுவதுபோல் ஒரு சத்தம்.

அவள் உதய்க்குப் போன் போட்டாள்.

உதய் கிரிதரோடு வேலை பார்த்தவன். தேனிப் பக்கம். சால்ட் லேக்கில் நான்கு பையன்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவனை ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பார் ஊற்றி வளர்த்தது இந்த வீடு. அவன் சொன்னபடி அவள் லேப்டாப்பைத் திறந்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சர்வரின் பக்கத்தை அவனும் பார்க்கும்படி வைத்தாள். அந்தச் சர்வர் ஃப்ரிட்ஜ் மேல், முறத்துக்குப் பின்னால், தூசி படிந்து கிடக்கும் சீட்டுக்கட்டு அளவுப் பெட்டி. விளக்கு, விசிறி, கீசர், வாசல் பூட்டு எல்லாம் அதன் சொல்படிதான்.

"அக்கா, இதைக் கடைசியா எப்போ அப்டேட் பண்ணீங்க?"

"உங்கண்ணா இருந்தப்போ."

"அப்போ இதைச் சர்வர்னு சொல்லக்கூடாதுக்கா. தொல்லியல் துறைக்கு எழுதிப் போடணும்."

"வாய் நீளம்டா உனக்கு. குரல் ஏன் அறுந்து அறுந்து வருது?"

"மெமரி கார்டு சாகுது. அதான். இன்னிக்கு ஒரு வார்த்தை போச்சு, நாளைக்கு எல்லாம் போயிடும். புதுக் கார்டுல மாத்தணும்னா புது வெர்ஷன் வேணும். ஒரேயடியா தாவினா காலை உடைச்சுக்கும். முதல்ல பேக்கப், அப்புறம் ஒவ்வொரு படியா ஏத்தணும்."

"குரலை மட்டும் தனியா எடுத்துக் குடுடா. மத்தது எது போனாலும் போகட்டும்."

"அண்ணா எல்லாத்தையும் ஒரே பொட்டலமா கட்டிப் பூட்டிட்டாருக்கா. சிஸ்டம் தானா பிரிச்சாத்தான் உண்டு."

புதுக் கார்டு அவளிடம் இருந்தது. கிரிதரே வாங்கி, உறை பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தது. பேக்கப் எடுக்க நேரம் பிடித்தது. மழை ஜன்னலை ஓயாமல் அறைந்துகொண்டிருந்தது. சுவர் ஊறிய சுண்ணாம்பு வாசனை. ஃப்ரிட்ஜ் மேலிருந்த பெட்டிக்குள் பச்சை விளக்கு ஒன்று, மூச்சு வாங்கும் நோயாளியின் தொண்டைக்குழிபோல், அடங்கி அடங்கி எரிந்தது. ஒருவழியாக முடிந்தது. உதய் சொன்ன இடத்தில் அழுத்தினாள். திரையில் ஒரு கட்டம் வந்தது. கிரிதர் தன் கையால் தட்டி வைத்த வாசகம்.

'கிரிதர் வீட்டில் இருக்கிறார். அவர் கிளம்பிய பிறகு அப்டேட் செய்யவும்.'

உதய் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று உடனே நிறுத்திக்கொண்டான். "மன்னிச்சுக்கங்கக்கா."

"விடு. இது அவர் போட்ட சட்டம்."

அது ஒரு பழைய கதை. ஒருமுறை அவன் ஆபீஸிலிருந்தபடியே வீட்டுச் சர்வரை மாற்றப்போய், வாசல் பூட்டு சிக்கிக்கொண்டது. உள்ளே அனுராதா காய்ச்சலில் மயங்கிக் கிடந்தாள். அவன் ஓடி வந்து, பூட்டில் விரலை வைத்து வைத்து எடுத்தான். பூட்டு பீப் பீப் என்றது. உள்ளேயிருந்து பதிலே இல்லை. தச்சன் வந்து கதவை உடைக்கும்வரை ஒரு மணி நேரம் வெளியே நின்றான். அதற்குப் பிறகு இரண்டு சட்டங்கள் எழுதினான். அப்டேட் போடுகிறவரைத் தவிர உள்ளே வேறு ஆள் இருந்தால் அது ஓடாது. வாசலில் விரல் பதியாமல் யாராவது நின்றால் வீடு அனுவிடம் கேட்கும். அவள் "வேண்டாம்" என்று சொல்லாவிட்டால் மயங்கிக் கிடக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு திறந்துவிடும். திருடனுக்கும் திறக்குமே என்று அவள் கேட்டாள். "திருடன் வந்தா நீ சும்மாவா இருப்ப? அவன்கிட்டயே ஒரு சேலை வித்துடுவ. உன் வாய் அடைச்சுப் போச்சுன்னா அதான் ஆபத்து" என்றான். பிறகு, சிரிக்காமல் சொன்னான்: "நான் வெளியில நின்னது போதும், அனு."

"ஆள் உள்ள இருக்காரா வெளிய போயிட்டாரான்னு இது எப்படிக்கா கண்டுபிடிக்குது? போனை வச்சா?" உதய் கேட்டான்.

"போனா? நம்ம ஊர் ஆளுங்க எவனும் சொல்லாம கிளம்ப மாட்டான், அதுவே போதும்னாரு உங்கண்ணா."

வாசலருகே ஒரு சின்ன மைக். கிளம்புகிறவர் "போயிட்டு வரேன்" என்றாலோ, வீட்டிலிருப்பவர் "போயிட்டு வாங்க" என்றாலோ போதும். ஆள் வெளியே போனதாக வீடு குறித்துக்கொள்ளும். திரும்பி வந்து பூட்டில் விரல் வைத்தால் உள்ளே. எதிர் ஃப்ளாட் ஸ்நேகாதி வந்து போகும்போது சொல்லும் "ஆஷ்ச்சி"யையும் அதற்குக் கற்றுக் கொடுத்திருந்தான். வங்காளிகளும் போகும்போது வருகிறேன் என்றுதானே சொல்கிறார்கள் என்பதில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

கிரிதர் மட்டும் சொல்லாமல் கிளம்பியவன். காலையில் ஷூ மாட்ட உட்கார்ந்த பிரம்பு நாற்காலியிலேயே முடிந்துவிட்டது. வாசலருகே இருக்கும் சின்னத் திரையில் 'உள்ளே: அனு, கிரிதர்' என்று அன்றிலிருந்து மாறாமல் இருந்தது. உரிக்காமல் விட்ட ஸ்டிக்கர்போல அவளும் அதை அப்படியே விட்டிருந்தாள்.

"அக்கா." உதயின் குரல் தணிந்திருந்தது. "வீட்டுல வேற யாரும் இருக்காங்களா?"

"நான் இருக்கேன். மழை இருக்கு."

"இல்ல, நடையில யாரோ நடக்கற மாதிரி காட்டுது. உங்க பெட்ரூம் பக்கத்துலேர்ந்து வந்து... இப்போ நின்னுடுச்சு."

அவள் திரும்பினாள். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருக்கும் நடையில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு எரியும் விளக்கு. அதன் கீழே தரை வெறுமையாக, மழைக்கால மொசைக்கின் வழுவழுப்போடு மின்னியது.

"அது டைமர்டா. தினம் இந்த நேரத்துக்கு எரியும்."

கீபோர்டு தட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"டைமர்னு இதுல ஒண்ணுமே போடலியேக்கா. ஆள் நடந்தா மட்டும்தான் அந்த லைட்டு எரியும். பெட்ரூம்ல அந்தச் சின்ன விசிறியும் அப்படித்தான். அந்தப் பக்கம் யாராவது படுத்தா மட்டும்தான்."

கட்டிலில் அவன் பக்கத்துச் சுவரில் இருக்கும் சின்ன விசிறி. இரவெல்லாம் மெல்லச் சுற்றும். அவனுக்கு வேகமான காற்று ஆகாது. அதுவும் டைமர் என்றுதான் இரண்டு வருடமாக அவள் நினைத்திருந்தாள். அந்த மெல்லிய காற்று முதுகில் படப் படுத்து, சுவரைப் பார்த்து அழுது, அழுத களைப்பில் தூங்கியிருக்கிறாள். ஒருநாள்கூடத் திரும்பிப் படுக்கவில்லை.

"சென்சார் கெட்டுப் போயிருக்கும்க்கா. பழைய பில்டிங், சுவரெல்லாம் ஈரம்..." உதய் அவசரமாகப் பேசினான். டேமேஜ் சேலையை மடிப்புக்குள் மறைத்துத் தள்ளிவிடும் கடைக்காரனின் அவசரம். அவளுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். தெரிந்தே வாங்கிக்கொண்டாள்.

"ஆமாம்டா. ஈரம்தான்."

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்து, வெதுவெதுப்பாகத் தொண்டைவரை ஏறியது. நடையின் விளக்கைப் பார்த்தபடி, உதடு அசையாமல், இருக்கீங்களா என்று கேட்டாள். விளக்கு அணையவில்லை. அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

அப்போது ஸ்பீக்கர் தானாகக் கரகரத்தது.

"டீ"

அதற்குமேல் இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் பச்சை விளக்கு தடுக்கித் தடுக்கி எரிந்தது.

"அக்கா, கார்டு போயிட்டு இருக்கு. இப்பவே பண்ணியாகணும். அண்ணா பேரை அழிச்சா குரலும் சேர்ந்து அழிஞ்சிடும். அதனால..." உதய் தயங்கினான். "வாசல் மைக்ல நீங்க சொல்லணும். எப்பவும் சொல்றதுதான்."

அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் யாரும் வருகிறேன் என்று சொல்வதில்லை. எழுந்து, யார் முகத்தையும் பாராமல், பேசாமல் போய்விடுவார்கள். பாடையைத் தூக்கும்போது, பழக்கதோஷத்தில் அனுராதாவின் வாய் "போயிட்டு..." என்று ஆரம்பித்தது. ஜம்ஷெட்பூரிலிருந்து வந்திருந்த சௌந்தரம் சித்தி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். கற்பூரமும் வெற்றிலையும் மணக்கும் உள்ளங்கை. "சொல்லாதடி. போறவங்ககிட்ட அதைச் சொல்லக் கூடாது." சொல்லாத அந்தப் பாதி வாக்கியம் இரண்டு வருடமாக அவள் பல்லுக்குப் பின்னால் கிடந்தது. சோற்றோடு விழுங்கியும் இறங்கவில்லை.

அவள் கணக்குப் போட்டாள். கரியாஹாட்டில் சேலைக்குப் பேரம் படியாவிட்டால் விறுவிறுவென்று கடையை விட்டு இறங்குவாள். நாலு தப்படி போவதற்குள் பின்னாலிருந்து "ஓ தீதி, ஷுனுன்!" என்று கடைக்காரன் கூப்பிடுவான். போவது கூப்பிட வைப்பதற்காக. எவ்வளவு தூரம் போனால் கூப்பிடுவான், எந்த இடத்தைத் தாண்டினால் கூப்பிடமாட்டான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கொஞ்ச நேரம்தானே. வாசலைத் தாண்டி மாடிப்படிவரைக்கும் போனால் போதும். முடிந்ததும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

செத்தவனோடு போட்ட பேரத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்தாள்.

வாசலுக்குப் போனாள். நடை விளக்கு அணைந்தது. கூடத்து விளக்கு சற்றே பிரகாசமானது. ஆள் வந்தால் ஆகும் பிரகாசம். வலது பக்கம், தோளுக்குச் சற்று மேலே, அவனுடைய ஷேவிங் சோப் வாசனை. பழையது. இனிப்பானது.

"போயிட்டு வாங்க" என்றாள்.

அந்தப் பாதி வாக்கியம் வாயை விட்டு இறங்கியது. கண்ணீர் வந்துவிட்டது.

பூட்டு டக்கென்று கழன்றது. கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்து நின்றது. எதுவோ அவளை உரசாமல் ஒதுங்கிக் கடந்து, நிலைப்படியில் நின்றது. தினமும் அங்கே நிற்பான். சட்டைப் பையைத் தட்டுவான், பேண்ட் பையைத் தட்டுவான், சாவி இருக்கிறதா என்று. வாசலில் விரல் பூட்டை மாட்டியவனே அவன்தான். ஆனாலும் சாவியைத் தேடாமல் இறங்கமாட்டான். இன்றும் அவ்வளவு நேரம்தான் கதவு திறந்திருந்தது. பிறகு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

'உள்ளே: அனு.'

வீடு செத்தது. அவன் இறந்த அன்றைக்குக்கூட, ஆட்கள் எல்லோரும் போன பிறகு பிரம்பு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மத்தியானத்தில்கூட, இந்த வெறுமை இல்லை. விசிறி நிற்கிறது. நடை இருட்டு. மழைச் சத்தம் சுவர்களில் மோதி வேற்று வீட்டில் கேட்பதுபோல் கேட்டது. அவன் போனது இப்போதுதான். இரண்டு வருடம் துக்கம் காத்ததெல்லாம், வீட்டிலேயே இருந்தவனுக்காக.

"ஏறுதுக்கா! அப்டேட் ஏறுது!" என்றான் உதய்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியிலும் வீட்டு விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தன. பெட்டிக்குள் புதுக் கார்டைப் போட்டாள். கடைசிப் படி. பச்சை விளக்கு நின்று, நிதானமாக, கண் இமைக்காமல் எரிந்தது.

"டீ ஆறுது, அனு."

முழுசாக. துல்லியமாக. இத்தனை வருடம் அவள் கவனித்தேயிராத அந்த லேசான மூச்சு, பட்டுக்குள் உட்கார்ந்து விட்ட மூச்சுவரை, எல்லாம் இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உதய் எதுவோ சொன்னான், மழை அதை இழுத்துக்கொண்டு போயிற்று. லைன் அறுந்தது.

எழுந்து வாசலுக்குப் போனாள்.

"முடிஞ்சுடுச்சு. வாங்க."

மாடிப்படியில் மழையின் எதிரொலி.

"வாங்கன்னு சொல்றேன்ல. உள்ள வாங்க."

நாலு தப்படி. அவ்வளவு தூரம்தான் போகச் சொன்னாள். அதற்குமேல் போயிருக்க மாட்டான். போயிருக்கக் கூடாது. காதைக் கதவில் வைத்துக் கேட்டாள். எதிர் ஃப்ளாட்டில் டிவி. தண்ணீர்க் குழாயில் களகளப்பு. வேறு எதுவும் இல்லை.

கெட்டிலைப் போட்டாள். அவனுக்கும் சேர்த்து இரண்டு கோப்பை. ஆவி எழுந்து, தணிந்து, நின்றது. ஆறியது. "டீ ஆறுது, அனு" என்றது வீடு. "தெரியுதுங்க, தெரியுது" என்று கத்தினாள்.

பிறகு, கீழே. வெகு கீழே, தெருவிலிருந்து படியில் ஏறுமிடத்தில், தண்ணீரிலிருந்து ஒரு கால் எடுத்து வைக்கும் சத்தம்.

லிஃப்ட் குழியில் தண்ணீர் புகுந்ததால் மத்தியானமே அதை நிறுத்திவிட்டார்கள். யார் வந்தாலும் படிதான். ஈரத் துணியைத் தரையில் போடுவதுபோல் ஒரு சத்தம். அடுத்த படி. மறுபடி அதே சத்தம். அவசரமே இல்லை. நடுவில் நிற்கிறது. நிற்கும்போது எதையோ தட்டுகிறது.

போன் அதிர்ந்தது. எதிர் ஃப்ளாட் ஸ்நேகாதி.

"அனு, யார் இது படியில? நான் குப்பை வைக்கக் கதவைத் திறந்தேன், கீழ் வளைவுல..." அவள் மூச்சு இரைத்தது. மற்ற நேரமெல்லாம் தமிழும் இந்தியும் கலந்து பேசுகிறவள், இப்போது வங்காளத்துக்குப் போய்விட்டாள். "தொரஜா குலோ நா. அனு, கேட்குதா? கதவைத் திறக்காதே. குலோ நா." வைத்துவிட்டாள். எதிர்க் கதவில் தாழ்ப்பாள் ஒவ்வொன்றாக விழுவது கேட்டது. டிவி நின்றது.

வாசல் திரையில், வெளிவாசலின் வெப்பநிலையைக் காட்டும் ஒரு மூலை உண்டு. கோடைக்காலத்தில் கிரிதர் அதைப் பார்த்துத்தான் குடை எடுப்பான். முப்பதுக்குக் கீழே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பதாயிற்று. அறுபது. மூன்று இலக்கமாயிற்று. பிறகு எண்ணே இல்லை, ஒரு கோடு மட்டும்.

கேவ்ராதலா சுடுகாட்டில் மின்சார உலையின் கதவு இப்படித்தான் இருந்தது. தூரத்தில் நின்றபோதே முகம் காய்ந்தது. மறுநாள் பாபுகாட் படித்துறையில், கங்கையின் சேற்றுத் தண்ணீரில், அவன் அஸ்தி இருந்த மண்பானையை அவள் கையாலேயே கவிழ்த்தாள்.

அவன் அங்கெல்லாம் போகவில்லை. உடம்பைத்தான் அனுப்பினார்கள். அவன் வீட்டிலேயே இருந்துவிட்டான்.

போயிட்டு வாங்க என்று இப்போதுதான் அவள் சொன்னாள். அவன் சொன்ன பேச்சைத் தட்டமாட்டான்.

போயிருக்கிறான்.

வந்திருக்கிறான்.

சத்தம் வாசலில் நின்றது. கதவிடுக்கு வழியாக வாசனை வந்தது. ஷேவிங் சோப் இல்லை. பொசுங்கிய மயிர். ஆற்றுச் சேறு. கதவின் மரம் உள்பக்கம் வெதுவெதுப்பாகிப் பிறகு தொடமுடியாத சூடாயிற்று. அடியிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் நூல்போல் உள்ளே வந்து, அவள் கால் கட்டைவிரலைத் தொட்டது. அது மட்டும் குளிர்ந்திருந்தது.

பூட்டில் விரல் வைக்கும் சத்தம்.

பீப் பீப்.

"விரல் சரியா பதியல. இன்னொரு தடவை வைங்க" என்றது வீடு, கிரிதரின் உற்சாகமான குரலில்.

பீப் பீப்.

"விரல் சரியா பதியல. இன்னொரு தடவை வைங்க."

ரேகை எரிந்துபோன விரல். அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறது. அடுத்த விரலை வைக்கிறது. கோபமில்லை. தட்டவில்லை, இடிக்கவில்லை. ஒவ்வொரு விரலாக, பொறுமையாக. அன்றைக்கு ஒரு மணி நேரம் வெளியே நின்றவனின் அதே பொறுமை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு, பேச முயன்றது. தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஒரே சொல் வந்தது. இரண்டே எழுத்து.

"அனு."

அன்று மாலை காணாமல் போன சொல்.

பீப் பீப்.

வீடு அவள் பக்கம் பேசியது. "அனு, வெளியில யாரோ நிக்கறாங்க. திறக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். ஆயிரம் கடைக்காரர்களிடம் ஆயிரம் தடவை சொன்ன சொல். யாருடைய முகத்துக்கு நேராகவும் கூசாமல் சொன்ன சொல். வேண்டாம்.

வாயைத் திறந்தாள்.

நான் வெளியில நின்னது போதும், அனு.

நாக்கு எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சௌந்தரம் சித்தியின் உள்ளங்கை வாய்மேல் மறுபடி வந்து விழுந்ததுபோல் இருந்தது.

"அனு? திறக்கட்டுமா?"

மழை.

"பயப்படாத. நான் இருக்கேன்" என்றது வீடு. மயங்கிக் கிடப்பவளுக்காக அவன் பதிவு செய்து வைத்தது. அவள் இதுவரை கேட்டதேயில்லை.

டக்.

கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. திரையில் 'உள்ளே: அனு' என்பதற்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வந்து நின்றது. பெயர் வரவில்லை.

நிலையைப் பிடித்துக்கொண்டு நான்கு விரல்கள். நகமில்லை. ரேகையில்லை. ஈரச் சாம்பலைப் பிசைந்து பிடித்து வைத்தது மாதிரி. அவற்றுக்குப் பின்னால், இருட்டில், அவனுடைய உயரத்தில் ஏதோ ஒன்று நிலைப்படியில் நின்றது. உள்ளே வரவில்லை. மற்றக் கையால் நெஞ்சைத் தட்டியது, சட்டைப் பை இருக்குமிடத்தில். பிறகு இடுப்பைத் தட்டியது. ஒவ்வொரு தட்டலுக்கும் தரையில் ஏதோ ஈரமாக உதிர்ந்தது. மறுபடி நெஞ்சைத் தட்டியது. மறுபடி இடுப்பை. சாவியைத் தேடியது.

"டீ ஆறுது, அனு" என்றது வீடு.